சாக்லேட் விழாவுக்குச் சுவை பார்க்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் கடைத்தொகுதி முற்றத்திலோ ஹோட்டல் கூடத்திலோ சாக்லேட் விழா என்று அறிவிப்பு வந்ததும் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். அப்படி வந்தவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எந்த விழாவுக்கும் பொருந்தும் விஷயங்கள் மட்டும்தான் இவை. நேரம், கட்டணம் எல்லாம் அந்தந்த விழாவின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முஸ்தபாவில் கிடைக்காத சாக்லேட் அங்கே என்ன இருக்கப்போகிறது?

நியாயமான கேள்வி. முஸ்தபா பேரங்காடியில் வரிசை வரிசையாக இருப்பவை பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் சாக்லேட். உலகின் எந்த மூலையில் வாங்கினாலும் ஒரே சுவை வரவேண்டும் என்பதற்காகப் பல நாட்டுக் கொக்கோவைக் கலந்து செய்பவை. விழாவில் மேசை போடுகிறவர்களில் பலர் அதற்கு நேர்மாறு. ஒரு நாட்டின் கொக்கோ, சில சமயம் ஒரே தோட்டத்தின் கொக்கோ என்று தேடி வாங்கி, தாங்களே வறுத்து, அரைத்து, வார்த்து விற்கிறார்கள். நம் ஊரிலேயே ஃபோசா போன்ற சிறு தயாரிப்பாளர்கள் இப்படிச் செய்கிறார்கள்.

இன்னொரு வகையினர், உருக்கி வார்க்கத் தயாரான சாக்லேட்டை மொத்தமாக வாங்கி, அதில் போன்பான் (உள்ளே கிரீம் போன்றவை அடைத்த சிறு சாக்லேட்), டிரஃபிள், கேக் செய்கிறவர்கள். இதில் தாழ்வு ஒன்றும் கிடையாது, அதுவும் பெரிய கைவேலைதான். ஆனால் இரண்டும் வேறு வேறு தொழில். “கொக்கோ கொட்டையிலிருந்தே நீங்கள் செய்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டால் மேற்கொண்டு என்ன பேசுவது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சிங்கப்பூரில் சொல்லும்படியான கொக்கோ தோட்டம் கிடையாது. ஆனால் கொக்கோ தொழில் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய சாக்லேட் உற்பத்தியாளர்களில் ஒன்றான பேரி கேலிபாவுக்கு செனோக்கோவில் ஆலை உண்டு. பாலத்தைத் தாண்டினால் ஜோகூர் பாசிர் கூடாங்கில் பெரிய கொக்கோ அரவை ஆலைகள் இருக்கின்றன. மலேசியாவிலும் ஒரு காலத்தில் கொக்கோ அமோகமாக விளைந்தது. 1990 வாக்கில் உச்சத்துக்குப் போய், பிறகு பெரும்பாலான நிலம் செம்பனைக்கு மாறியது.

நுழைவுச்சீட்டுக்குக் காசு கொடுத்தாயிற்று. அந்தக் காசுக்காவது சாப்பிட வேண்டாமா?

எல்லோரும் சறுக்குவது இங்கேதான். பஃபே கணக்கை அப்படியே சாக்லேட்டுக்குக் கொண்டுவருகிறோம். ஏழெட்டு மாதிரிகளுக்குப் பிறகு நாக்கு களைத்துப்போகும், எல்லாமே ‘இனிப்பு’ என்ற ஒரே சுவையாகத் தெரியும். அதற்கு மேல் தின்பது வயிற்றுக்குத்தான் போகிறது, சுவைக்கு ஒன்றும் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாதிரித் துண்டு 5 கிராம் என்று வைத்துக்கொண்டால், இருபது மேசைக்கு 100 கிராம். 70 விழுக்காடு டார்க் சாக்லேட்டிலேயே அதில் ஏறத்தாழ 30 கிராம் சீனி இருக்கும். மில்க் சாக்லேட் என்றால் பாதி சீனிதான். இதில் பானங்களை நான் சேர்க்கவில்லை.

என் யோசனை இதுதான்: உள்ளே போனதும் வாயில் எதையும் போடாமல் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். யார் எதை வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து ஆறேழு மேசையை மனதில் குறித்துக்கொண்டு, அங்கே மட்டும் நின்று சாப்பிடுங்கள். கொடுத்த காசுக்குச் சரியான வரவு, தயாரித்தவரே எதிரில் நிற்பதுதான். கொக்கோ எந்த ஊர், எத்தனை நாள் புளிக்கவைத்தார்கள், ஏன் இவ்வளவு வறுத்தீர்கள் என்று கேளுங்கள். பேரங்காடி அலமாரி இதற்கெல்லாம் பதில் சொல்லாது. கூட்டம் குறைந்த நேரத்தில் போனால் அவர்களும் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

எதை முதலில் சாப்பிடுவது?

இதில் இரண்டு கட்சி உண்டு. இனிப்பிலிருந்து கசப்புக்குப் போ என்பார்கள் சிலர், மாற்றிச் சொல்வார்கள் சிலர். நான் இரண்டாவது கட்சி. சீனி நாக்கில் ஏறிவிட்டால் டார்க் சாக்லேட்டின் மெல்லிய வாசனைகள் பிடிபடாது. அதனால் கலப்பில்லாத டார்க் முதலில், பிறகு மில்க், பிறகு வெள்ளை, அதன் பின் உள்ளே ஏதாவது அடைத்தவை. மிளகாய், மிளகு, மசாலா சேர்த்தவற்றைக் கடைசிக்கு வையுங்கள், ஒரு சில்லி சாக்லேட் போதும், அடுத்த கால்மணி நேரத்துக்கு வேறெதுவும் தெரியாது.

வருவதற்கு முன் சம்பல் போட்ட நாசி லெமாக் வேண்டாம். காலி வயிறும் வேண்டாம்.

சாக்லேட்டை மென்று தின்றால் போதாதா? இதற்குக்கூட முறை வேண்டுமா?

மென்று தின்னலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் ஒரே ஒரு துண்டை இப்படிச் செய்துபாருங்கள்: முதலில் உடைத்து, சத்தம் கேளுங்கள். சரியான பக்குவத்தில் உருக்கி இறுக்கிய சாக்லேட் ‘டக்’கென்று முறியும். பிறகு முகர்ந்து, நாக்கின் மேல் வைத்து, கடிக்காமல் விடுங்கள். கொக்கோ வெண்ணெய், அதாவது கொக்கோ கொட்டையின் கொழுப்பு, சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும், நம் உடல் வெப்பத்துக்குச் சற்றுக் கீழே. அதனால் தானாகக் கரையும். கரையும்போது வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பழ வாசனை, மர வாசனை, பூ வாசனை எல்லாம் அப்போதுதான் வரும். விழுங்கிய பிறகும் ஒரு நிமிடம் காத்திருங்கள், சில சாக்லேட் அதன்பிறகுதான் பேசத் தொடங்கும்.

துண்டுக்குத் துண்டு நடுவில் வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள். ஐஸ் தண்ணீர் குடித்தால் வாய் குளிர்ந்து கொக்கோ வெண்ணெய் மெழுகாக ஒட்டும். வெந்நீர்க் குடுவையைக் கைப்பையில் வைத்திருக்கும் அத்தைகள் இந்த விஷயத்தில் எல்லோரையும்விட முன்னேற்பாடாக வருகிறார்கள்.

70 விழுக்காடு, 85 விழுக்காடு என்று போட்டிருக்கிறதே, அதிகம் என்றால் உசத்தியா?

இல்லை. அந்த எண் கொக்கோ கொட்டையிலிருந்து வந்த பொருள் மொத்தம் எவ்வளவு என்று மட்டும் சொல்கிறது, தனியாகச் சேர்த்த கொக்கோ வெண்ணெயும் அதில் அடக்கம். மீதி பெரும்பாலும் சீனி. தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நல்ல 65, மோசமான 85-ஐ எளிதில் தோற்கடிக்கும். வெள்ளைச் சாக்லேட்டில் கொக்கோவிலிருந்து வருவது கொக்கோ வெண்ணெய் மட்டுமே, கொக்கோத் தூள் கிடையாது. அதனால்தான் அந்த நிறம்.

ஒரு துண்டு புளித்தது. கெட்டுப்போனதைக் கொடுத்துவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. கொக்கோ என்பது ஒரு பழத்தின் விதை. காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு விதைகளைக் குவித்து, பல நாள் புளிக்கவைத்துத்தான் காயவைப்பார்கள். சாக்லேட் வாசனைக்கு அடித்தளமே அந்தப் புளிப்பில் உருவாகிறது. அப்போது சேரும் அமிலம் வறுக்கும்போதும் அரைக்கும்போதும் குறையும். எவ்வளவு மிச்சம் வைப்பது என்பது தயாரிப்பவரின் முடிவு. மடகாஸ்கர் கொக்கோவில் சிவப்புப் பழங்களின் புளிப்பு இருக்கும், அதற்காகவே தேடி வாங்குகிறவர்கள் உண்டு. கானா கொக்கோ நமக்குச் சிறுவயதிலிருந்து பழகிய ‘சாக்லேட்’ சுவைக்கு நெருக்கம்.

அரைப்பது என்று வந்தபிறகு இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. விழாவில் சிலர் கல் சுற்றும் சிறிய அரவை இயந்திரத்தை மேசையிலேயே ஓடவிட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும் “இது நம் வீட்டு கிரைண்டர் மாதிரி இருக்கிறதே” என்று தோன்றும். மாதிரி என்ன, அதேதான். 2000களில் அமெரிக்காவில் வீட்டிலேயே கொட்டையிலிருந்து சாக்லேட் செய்ய முயன்றவர்களுக்கு, கொக்கோவை நைஸாக அரைக்கச் சின்ன இயந்திரம் எதுவும் அமையவில்லை. கடைசியில் கைகொடுத்தது இட்லி மாவு அரைக்கிற தமிழ்நாட்டு மேசை கிரைண்டர். மாவு அரை மணியில் முடிந்துவிடும், கொக்கோவோ ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள்கூட நிறுத்தாமல் ஓட வேண்டும். அதற்கேற்ப மோட்டாரையும் கல்லையும் பலப்படுத்தி, மெலாஞ்சர் என்ற பெயரில் இன்று உலகம் முழுக்க விற்கிறார்கள். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருப்பது பலருக்குத் தெரியும். உலகின் சிறு சாக்லேட் தயாரிப்பில் பெரும்பகுதி அந்தக் குடும்பத்துக் கல்லில்தான் அரைபடுகிறது என்பது அவ்வளவாகத் தெரியாது.

தமிழ்நாட்டிலும் கொக்கோ விளைகிறதாமே?

விளைகிறது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பில் ஊடுபயிராகப் போடுகிறார்கள். தென்னையின் நிழல் கொக்கோவுக்கு ஏற்றது. கேரளத்திலும் 1960களில் தொடங்கிப் பயிரிடுகிறார்கள். ஆனைமலைக் கொக்கோவை வெளிநாட்டுச் சிறு தயாரிப்பாளர்களும் வாங்குகிறார்கள். மேசையில் அந்தப் பெயரைப் பார்த்தால் விடாதீர்கள். ஊர்ப்பாசத்துக்காகச் சொல்லவில்லை, சுவை உண்மையிலேயே நன்றாக இருக்கும். சரி, கொஞ்சம் ஊர்ப்பாசமும்தான்.

குடிப்பதற்கு என்னென்ன இருக்கும்?

கெட்டியான சூடான சாக்லேட் எல்லா விழாவிலும் இருக்கும். அது கொக்கோத் தூள் கரைத்த பானமா, சாக்லேட்டையே பாலில் உருக்கியதா என்று கேளுங்கள். தூளில் கொழுப்பின் பெரும்பகுதி பிழிந்து எடுக்கப்பட்டிருக்கும், நெதர்லாந்தின் வான் ஹூட்டன் 1828-இல் காப்புரிமை பெற்ற முறை அது. உருக்கியது பாயசக் கெட்டிக்கு இருக்கும். இரண்டு பேருக்கு ஒரு கோப்பை தாராளம்.

நான் சிபாரிசு செய்வது வேறு இரண்டு. ஒன்று, கொக்கோப் பழச்சதைச் சாறு. சாக்லேட் வாசனையே இருக்காது. லைச்சியும் எலுமிச்சையும் சேர்ந்தாற்போல ஒரு சுவை. இதிலிருந்தா சாக்லேட் வருகிறது என்று ஆச்சரியமாக இருக்கும். இன்னொன்று, கொக்கோ ஓட்டுத் தேநீர். வறுத்த கொட்டையின் மேல்தோலை வெந்நீரில் ஊறவைத்தது. சீனி இல்லாமலே சாக்லேட் மணக்கும், சுவை பார்ப்பதற்கு நடுவில் குடிக்க ஏற்றது.

மதுபானம் கலந்தவையும் சில மேசைகளில் உண்டு. வயது 18 ஆகியிருக்க வேண்டும், அடையாள அட்டை கேட்பார்கள்.

மைலோ டைனோசர் சாக்லேட் பானமா, இல்லையா?

மால்ட் பானத்தில் கொக்கோ சேர்த்தது மைலோ. 1934-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. குளிர்ந்த மைலோவின் மேல் கரையாத தூளைக் கும்பமாகக் கொட்டி டைனோசர் ஆக்கியது இந்த வட்டாரம். சிங்கப்பூரில் அதை நம் இந்திய முஸ்லிம் உணவகங்களோடு சேர்த்தே நினைப்பார்கள். விழாவில் அதைப் பிரமாதமாக அலங்கரித்துப் பல மடங்கு விலையில் விற்றால், காப்பிக் கடையிலேயே குடித்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

எனக்கு நீரிழிவு. வரலாமா?

மருத்துவர் உங்களுக்குச் சொன்ன அளவுதான் முதல் விதி. மாத்திரை, இன்சுலின் அளவை விழாவுக்காக நீங்களாக மாற்றாதீர்கள். அதற்குள் நின்று சில விஷயங்கள் சொல்கிறேன்.

பெரிய ஆபத்து துண்டுகளைவிடப் பானங்களில்தான். 5 கிராம் டார்க் துண்டில் ஒன்றரை கிராம் அளவில்தான் சீனி. ஒரு கோப்பை இனிப்புப் பானத்தில் 30 கிராம் சாதாரணமாகப் போய்விடும். பானங்களை ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரம் பிரித்துக் காட்டும் நியூட்ரி-கிரேட் குறியீடு 2022 இறுதியிலிருந்து பொட்டலப் பானங்களுக்கும், 2023 இறுதியிலிருந்து கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் வந்திருக்கிறது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் 10 கிராம் வரை சீனி இருந்தால் ‘சி’, 10 கிராமைத் தாண்டினால் ‘டி’. நிறைவுற்ற கொழுப்பையும் சேர்த்துத்தான் தரம் போடுகிறார்கள். ஆனால் சிறு வணிகங்களுக்கு விலக்கு உண்டு, எனவே மேசையில் எழுத்து இல்லை என்பதால் சீனி இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. “சீனி கம்மியா?” என்று வாய்விட்டுக் கேட்பதுதான் வழி.

‘சீனி இல்லாதது’ என்று எழுதியவற்றில் பெரும்பாலும் மால்டிடால் என்ற மாற்று இனிப்பு இருக்கும். அதுவும் இரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும், அதிகம் தின்றால் வயிறு போகும். டார்க் சாக்லேட் சர்க்கரைக்கு மருந்து என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளை அப்படியே அழித்துவிடுங்கள்.

நாங்கள் சைவம். எதைக் கவனிக்க வேண்டும்?

வெறும் டார்க் பாரில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. அடைத்தவற்றிலும் அலங்கரித்தவற்றிலும்தான் பார்க்க வேண்டும். மார்ஷ்மெல்லோ, ஜெல்லி, மூஸ் போன்றவற்றில் ஜெலட்டின் இருக்கலாம், அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. பளபளக்கும் சிவப்பு போன்பானில் இ120 என்ற நிறமி இருந்தால் அது பூச்சியிலிருந்து எடுத்தது. பிரவுனி, மக்கரோன், ஐஸ்கிரீம் எல்லாவற்றிலும் முட்டை இருக்கக்கூடும்.

உள்ளூர்ச் சுவை என்று வந்தால் இன்னும் கவனம். உப்பு முட்டை, பாண்டான், குலா மலாக்கா, டுரியான் என்று எல்லாவற்றையும் நம் ஊரில் சாக்லேட்டில் போட்டுவிட்டார்கள். ஃபோசா இறாலும் பொனிட்டோ மீனும் சேர்த்தே ஒரு பார் செய்திருக்கிறது. வைணவ மாமி ஒருவர் கையில் அது போய்ச் சேரும் முன் யாராவது படித்துச் சொல்லிவிட வேண்டும்.

ஹலால்?

முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமியச் சமய மன்றம்) தரும் ஹலால் சான்றிதழ் மேசையில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பன்றி இறைச்சி, பன்றிக் கொழுப்பு இல்லை’ என்ற அட்டை சான்றிதழுக்கு ஈடாகாது. ரம், விஸ்கி கலந்த டிரஃபிளை நறுக்கும் அதே கத்தியால் மற்றதையும் நறுக்குகிறார்களா என்பதையும் கவனியுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், இந்த ஊரில் தினமும் கேட்கப்படும் கேள்விதான்.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. காலையிலோ மதியத்திலோ போங்கள். சாக்லேட்டில் காஃபீனும் உண்டு. 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட டார்க்கில் 100 கிராமுக்குச் சுமார் 80 மில்லிகிராம். மாலையில் ஊட்டிவிட்டால் இரவு நீங்களும் தூங்க மாட்டீர்கள். முழுப் பருப்பு வைத்தவற்றைச் சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் திறந்த தட்டிலிருந்து எதையும் எடுக்க விடாதீர்கள், ஒரே இடுக்கி எல்லாத் தட்டுக்கும் போய்வரும்.

துபாய் சாக்லேட் வரிசை நீளமாக இருக்குமே. நிற்கலாமா?

பிஸ்தா விழுதும் குனாஃபா எனும் சேமியா போன்ற வறுத்த மாவிழையும் அடைத்த இந்த வகை, துபாய்க் கடை ஒன்று 2021-இல் தொடங்கியது. இணையக் காணொளிகளால் பரவியது. மொறுமொறுப்பு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இப்போது தெருவுக்குத் தெரு கிடைப்பதற்கு, விழாவில் அரை மணி நேரம் கால் கடுக்க நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எள் விழுதும் கோதுமையும் அதில் இருக்கும், ஒவ்வாமை உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன பார் பத்து வெள்ளிக்கு மேல் சொல்கிறார்களே, அநியாயம் இல்லையா?

அதிகம்தான், அநியாயம் என்று சொல்ல மாட்டேன். உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைகிறது. அங்கே மழை தவறியதாலும் மரங்களில் நோய் பரவியதாலும் 2024-இல் விலை டன்னுக்கு 10,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது, அந்த ஆண்டுக் கடைசியில் 12,000-த்தையும் தாண்டியது. 2025-இல் நன்றாகவே இறங்கிவிட்டது. ஆனால் சிறு தயாரிப்பாளரின் விலைக்கு அது மட்டும் காரணம் கிடையாது. நல்ல கொட்டைக்கு அவர்கள் எப்போதுமே சந்தை விலைக்கு மேல் கொடுக்கிறார்கள், கையால் பொறுக்குகிறார்கள், சிங்கப்பூர் வாடகையும் கட்டுகிறார்கள். போதாக்குறைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரலாம்.

சுவை பார்த்தால் வாங்கியாக வேண்டுமா?

வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். ஆனால் வராத பேரனுக்கு என்று மாதிரித் துண்டை டிஷ்யூ தாளில் மடிப்பது கூடாது.

வாங்கியதை உருகாமல் வீட்டுக்குக் கொண்டுபோவது எப்படி?

விழா முடிந்து வெளியே வந்தால் 32 டிகிரி வெயில். கூடத்தின் குளிரில் வாங்கியது பேருந்து நிறுத்தத்துக்குப் போவதற்குள் வளைய ஆரம்பிக்கும். வெப்பம் தாங்கும் பை ஒன்று கொண்டுபோங்கள். ஐஸ் பொதியைத் துணியில் சுற்றி வைக்க வேண்டும், சாக்லேட்டோடு நேராக ஒட்டக் கூடாது. வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொண்டு, குளிர்சாதனம் உள்ள வழியாகவே வீட்டுக்குப் போங்கள். ரயிலில் பிரித்துத் தின்னாதீர்கள், அபராதம் 500 வெள்ளி வரை.

வீட்டில் வைக்க 15 முதல் 18 டிகிரி சிறந்தது. வீவக வீட்டில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது? குளிர்பெட்டிதான் கதி. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, காய்கறித் தட்டில் வையுங்கள். கொக்கோ வெண்ணெய் அக்கம்பக்கத்து வாசனையை உறிஞ்சிவிடும், கருவாட்டுப் பக்கத்தில் வைத்தால் பத்து வெள்ளி பார் கருவாட்டுச் சாக்லேட் ஆகிவிடும். வெளியே எடுத்ததும் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். இல்லாவிட்டால் மேலே நீர் கோத்து, சீனி வெள்ளையாகப் பூத்துவிடும்.

ஏற்கெனவே வெள்ளையாகப் பூத்துவிட்டது. பூஞ்சணமா?

பெரும்பாலும் இல்லை. உருகி மறுபடி இறுகும்போது கொழுப்பு மேலே வருவதால் அப்படி ஆகும். தின்னலாம், பளபளப்பும் மொறுப்பும் போயிருக்கும். பாலில் போட்டு உருக்கிவிடுங்கள்.

ஊருக்கு எடுத்துப்போக எதை வாங்குவது?

பார் வாங்குங்கள். போன்பானில் கிரீம் இருப்பதால் அதன் ஆயுள் சில வாரம்தான், பெட்டியில் இருக்கும் தேதியைப் பாருங்கள். விமானத்தில் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் பாட்டிலில் வரும் சாக்லேட் விழுதைத் திரவ வகையில் சேர்ப்பார்கள், 100 மில்லிலிட்டருக்கு மேல் இருந்தால் பெரிய பெட்டிக்குள் போய்விட வேண்டும். சொந்தக்காரர்கள் நாற்பது பேருக்குப் பங்கு வைக்க வேண்டும் என்றால் விழாவை மறந்துவிட்டு நேராக முஸ்தபாவுக்கே போங்கள். விழாவில் வாங்குவதை, ருசித்துப் பேசக்கூடிய ஒருவர் இருவருக்கு மட்டும் கொடுங்கள்.

வீட்டு நாய்க்கும் கொஞ்சம் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. கொக்கோவில் உள்ள தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு, டார்க் சாக்லேட்டில் அது இன்னும் அதிகம். தெரியாமல் தின்றுவிட்டால் எவ்வளவு தின்றது என்று பார்த்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.